மலைக்குப் போன தண்ணீர்ப் போத்தல்

அம்மாவுக்கு ரத்தக் கொதிப்பு என்று டாக்டர் ஐயா சொன்னதும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. வெளியே மார்கழிப் பனி. ஆஸ்பத்திரி வாசலில் நின்றவர்களுக்கெல்லாம் பல் கிட்டித்துக்கொண்டிருந்தது. கம்பளியைப் போர்த்திக்கொண்டு வெடவெடத்துக் கிடக்கும் மனுஷிக்கு உள்ளே என்ன கொதிக்கப் போகிறது?

அவர் உண்மையில் டாக்டர் இல்லை. மஸ்கெலியாப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கலந்து கொடுப்பவர். ஆனாலும் எங்களுக்கு டாக்டர் ஐயாதான். அம்மா மலையில் என்னோடு கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தபோது தலை சுற்றிக் கூடையோடு உட்கார்ந்துவிட்டாள் என்று நான்தான் அவளைக் கூட்டிவந்திருந்தேன். அவர் அம்மாவின் கையில் துணிப்பட்டையைச் சுற்றி, ரப்பர் பந்தை அமுக்கிப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"பக்கத்து லயத்துல ஒருத்தி கை கால் வெளங்காமக் கெடக்கிறாளே, பாத்திருக்கியா? இத இப்புடியே விட்டா ஒங்கம்மாவும் அப்புடித்தான் படுத்துக்குவா."

என் சிரிப்பு அங்கேயே செத்துப் போனது. அந்த அக்காவை எனக்குத் தெரியும். வாய் ஒரு பக்கம் கோணி, கஞ்சியைக்கூட யாராவது ஊட்டிவிட வேண்டும். எனக்கு அப்பா இல்லை, கூடப் பிறந்தவர்களும் இல்லை. வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து அறைகளில் ஒன்றில் நானும் அம்மாவும் மட்டும்தான்.

"உப்பக் கொறை. தண்ணி நெறையக் குடி. நல்லாத் தூங்கு. கோவப்படாத" என்றார் டாக்டர் ஐயா. அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். எனக்குத்தான் கோபம் வந்தது. இருட்டோடு எழுந்து ரொட்டி சுட்டு, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஓடிப்போய்ப் பெயர் கொடுத்து, கங்காணியின் வசவையும் வாங்கிக்கொண்டு மலை ஏறுகிறவள் எப்போது நன்றாகத் தூங்குவது?

விஷயம் லயத்தில் பரவியது. வந்தவர்களெல்லாம் வைத்தியர்கள் ஆனார்கள். பஜாரில் கடை வைத்திருந்த செட்டியார் பச்சைப் பூண்டை மெல்லச் சொன்னார். கினிகத்தேனையிலிருந்து காய்கறி கொண்டுவரும் சிங்கள அம்மா வல்லாரைக் கட்டு ஒன்றை இனாமாகவே கொடுத்தாள். ஒருத்தி உடம்பு சூடு என்றாள். இன்னொருத்தி, "ரத்தமே பத்தலடி, ஈரல் வாங்கிக் குடு" என்றாள். ரத்தம் கூடிப்போனதா, இல்லாமலே போனதா? இந்தியாவா இலங்கையா, தோட்டத்துக்காரர்கள் நாங்கள் எந்த நாட்டு ஆட்கள் என்பதே தெளிவில்லாத வருடங்கள் அவை. அம்மாவின் ரத்தமும் அந்தக் குழப்பத்தில் போய்ச் சேர்ந்துகொண்டது.

நான் உப்புச் சிரட்டையை ஒளித்து வைத்தேன். உப்பில்லாத பருப்பு அம்மாவுக்குத் தொண்டையில் இறங்கவில்லை. பாவமாக இருக்கிறதே என்று கருவாட்டைச் சுட்டுத் தொட்டுக்கொள்ளக் கொடுத்தேன். அடுத்த தடவை போனபோது கொதிப்பு ஏறியிருந்தது. என்ன சாப்பிட்டாள் என்று கேட்ட டாக்டர் ஐயா, பதிலைக் கேட்டுத் தலையில் கை வைத்தார்.

"கருவாட்டுல உப்பு இல்லியா?"

"அது மீனுதானுங்களே ஐயா" என்றாள் அம்மா. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். உப்பு என்றால் சிரட்டையில் இருப்பது. கருவாடு கடையிலிருந்து வருவது. இரண்டையும் நான் சேர்த்துப் பார்த்ததே இல்லை.

கருவாடும் நின்றது. அப்போதும் கொதிப்பு அசையவில்லை. "தண்ணி குடிக்கிறியா, இல்லியா?" என்று டாக்டர் ஐயா அதட்டினார். அம்மா குடிப்பதாகச் சொன்னாள். நானும் சாட்சி சொன்னேன். காலையில் நான் நிரப்பிக் கொடுக்கும் பெரிய போத்தல் சாயங்காலம் காலியாகத்தானே வீடு வருகிறது? அவருக்கும் குழப்பம், எனக்கும் குழப்பம்.

ஒருநாள் கொழுந்து நிறுக்கப் போகும் நேரம். அம்மாவைக் காணோமே என்று திரும்பிப் பார்த்தேன். நிரைக் கடைசியில் குனிந்து, ஒரு தேயிலைச் செடியின் தூரில் போத்தலைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, தேயிலைக்கு மழை பத்தலன்னு நீ ஊத்துறியா?" என்று கத்தினேன்.

அம்மா போத்தலை முந்தானையில் மறைத்தாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள். "குடிச்சா எங்கடி போறது?"

நான் சுற்றிலும் பார்த்தேன். தேயிலை இடுப்பளவு. கங்காணி எப்போதும் எங்களுக்கு மேலே, சரிவில் நிற்பார். எதிர் மலையில் தேயிலையைக் கவ்வாத்து வெட்டும் ஆண்கள். ஒதுங்க ஒரு மரம்கூட இல்லை. அதனால் ரொட்டி தொண்டையில் இறங்க ஒரு வாய் தேத்தண்ணி, அதற்குமேல் பொழுது சாயும் வரை அம்மா எதுவும் குடிப்பதில்லை. அம்மா மட்டுமா? நானும் மலைக்கு வந்த நாளிலிருந்து குடித்ததில்லை. எந்தப் பெண்ணும் குடித்து நான் பார்த்ததில்லை. யாரும் சொல்லிக் கொடுக்காமலே எல்லோரும் அப்படி இருந்தோம். அது ஏன் என்று நான் யோசித்ததுகூட இல்லை. என் மேலேயே எனக்கு ஆத்திரமாக வந்தது.

அடுத்த தடவை டாக்டர் ஐயாவிடம் தரையைப் பார்த்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னேன். நல்ல மனுஷன், சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. பேனாவை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார்.

"அதுக்கு நான் என்ன மருந்தும்மா எழுதுறது?" என்றார்.

பிற்பாடு அம்மாவின் கொதிப்பு இறங்கியது. அது பூண்டாலா, வல்லாரையாலா, கருவாட்டை விட்டதாலா, எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. டாக்டர் ஐயா அப்படிச் சொன்னதற்கு மறுநாள் மலையில் நடந்தது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

தேத்தண்ணி நேரத்தில் நான் போத்தலைத் திறந்து, அம்மா பார்க்கப் பாதியை மடமடவென்று குடித்தேன். மீதியை அவள் முன்னால் நீட்டினேன்.

"குடிம்மா. நான் சாக்க மறைச்சுப் புடிச்சிக்கிட்டு நிக்கிறேன். அப்பறம் எனக்கு நீ புடி."

அம்மா மேலே கங்காணியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டு, கசாயம் குடிப்பவள்போலக் குடித்தாள்.

கொஞ்ச நேரத்தில் நெளிய ஆரம்பித்தாள். நான் செடி கிழிக்காமலிருக்க இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்து, இரண்டு கையாலும் விரித்துப் பிடித்து, அவளுக்கு முதுகைக் காட்டி நின்றேன். பக்கத்து நிரைக்காரி என்ன ஏது என்று கேட்கவே இல்லை. தன் சாக்கையும் அவிழ்த்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் நின்றாள்.

"ஏய் புள்ள! நெரைய விட்டுட்டு அங்க என்னா கூத்து?" மேலிருந்து கங்காணி சத்தம் போட்டார்.

"ஆஸ்பத்திரி மருந்துங்க, கங்காணி! அந்தப் பக்கம் திரும்புங்க!" என்று நானும் சத்தம் போட்டேன்.

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. சாக்குகளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்ன தோன்றியதோ, குடையை விரித்து முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டு திரும்பினார்.

சாக்குக்குப் பின்னால் அம்மா சிரிக்கும் சத்தம் கேட்டது. எழுந்து வந்தவள், போத்தலில் இன்னும் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டாள்.