எங்கள் புது டிஃபெண்டருக்கு நான் போட்ட நாலு மார்க்

நேற்று சாயங்காலம் ஒரு மனிதருக்குப் பத்துக்கு நாலு மார்க் போட்டேன்.

போட்ட இடம் எங்கள் ஃபுட்பால் கிளப்பின் வாட்ஸ்அப் குரூப். வாங்கியவர் நாங்கள் புதிதாக எடுத்திருக்கும் சென்டர் பேக், பெயர் மாடசாமி.

கோவில்பட்டியில் ஃபுட்பாலா என்று சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டு வாருங்கள், காத்திருக்கிறேன். இங்கே நடக்கப் பழகியதும் கையில் ஹாக்கி மட்டையைக் கொடுத்துவிடுவார்கள். நானும் ஹாக்கி ஆடி முட்டியைத் தேய்த்தவன்தான். இப்போது இந்தக் கிளப்பில் ஆட்டத்தைப் பார்த்து மார்க் போடுகிற வேலை. தலைவர் தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருப்பவர், கிரவுண்டுக்கு வர நேரம் இருக்காது. நான் எழுதுவதைப் படித்துத்தான் யார் ஆடுவது என்று முடிவு செய்வார்.

மாடசாமிக்கு முப்பத்திரண்டு வயது. விளாத்திகுளம் பக்கத்தில் மிளகாய் போடுகிறவர். மிளகாய்க் காட்டு வேலையை முடித்துவிட்டு பைக்கில் பிராக்டிஸுக்கு வருகிறார். எங்கள் பாரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டதால் இந்த சீசனில் வேறு டீமுக்கு ஆட முடியாது. நாங்கள் வேண்டாம் என்றால் அவருக்கு இந்த வருஷம் ஆட்டமே இல்லை. அந்த வயதில் அடுத்த வருஷத்தை யார் கண்டார்கள்?

வரும் ஞாயிற்றுக்கிழமை லீக் தொடங்குகிறது, அதற்காக நேற்று மணியாச்சிப் பையன்களோடு பிராக்டிஸ் மேட்ச். என் பக்கத்தில் கணேசன் உட்கார்ந்திருந்தான். போன வருஷம் வரை எங்கள் சென்டர் பேக் அவன்தான். இதே கிரவுண்டில் பந்தோடு ஓடிக்கொண்டிருந்தவனை எதிர் டீம் ஆள் தோளால் இடித்தான். கால் தரை வெடிப்புக்குள் போய் முறிந்தது. உள்ளே கம்பி இருக்கிறது. இனி அவன் ஓட முடியாது.

கரிசல்காரர்களுக்கு வெடிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இரண்டு மாதம் மழை இல்லையென்றால் எங்கள் கிரவுண்டு பாளம் பாளமாகப் பிளந்துவிடும். அதனால் மேட்சுக்கு முந்தின நாள் செம்மண்ணைச் சட்டி சட்டியாகக் கொட்டி அடைப்போம். கணேசன் விழுந்த பிறகு ஒரு விதியும் வைத்தோம். ஒருவர் கிரவுண்டு முழுக்க நடந்து பார்த்து, 'ரெடி' என்று குரூப்பில் போட வேண்டும்.

அந்த ஒருவர் நான்.

மாடசாமியின் ஆட்டம் எனக்குப் பிடிக்கவில்லை. பந்தைப் பறிக்கப் பாயவே இல்லை. ஆளுக்கு முன்னால் போய் நிற்கிறார், அவ்வளவுதான். எனக்கு இருப்பது ஹாக்கிக் கண். எத்தனை பந்து பறித்தான் என்று பார்த்தே பழகிவிட்டது. (ஃபுட்பால் கிளப்பில் மார்க் போட என்னைவிடப் பொருத்தமான ஆள் கிடைப்பானா?)

இரண்டாவது பாதியில் மணியாச்சி ஃபார்வர்ட் பந்தோடு வலது மூலையைப் பார்த்து ஓடினான். மாடசாமி கூடவே ஓடினார். ஒரு தோள் கொடுத்தால் போதும், பந்து வெளியே போய்விடும். கொடுக்கவில்லை. சட்டென்று நின்றுவிட்டார்.

"தம்பி, அங்கன போவாத, உள்ள திரும்பு" என்று சத்தம் போட்டார்.

அவன் உள்ளே திரும்பினான். நேராகப் போய் கோல் அடித்தான்.

எனக்கு வந்த கோபத்தில் அங்கேயே போனை எடுத்தேன். 'மாடசாமி 4/10. ஆளையும் விட்டுவிட்டு வழியும் சொல்லிக் கொடுக்கிறார். லீக்குக்கு ஆக மாட்டார்.' தலைவர் உடனே கட்டைவிரலைத் தூக்கிப் போட்டார். கணேசன் எட்டிப் பார்த்தான்.

மேட்ச் முடிந்ததும் மாடசாமி நேராக என்னிடம் வந்தார். குரூப்பை அவர் இன்னும் பார்க்கவில்லை.

"அண்ணாச்சி, ஒரு நிமிசம் இங்கன வாரீயளா?"

அந்த வலது மூலைக்குக் கூட்டிப் போனார். குனிந்து வெடிப்புக்குள் கையை விட்டார். முழங்கை வரை போனது.

"இடைவேள விட்டப்போ சுத்தி நடந்து பாத்தேன். இந்த மூல மட்டும் அடைக்கல. ஒங்ககிட்டச் சொல்ல வந்தேன், அதுக்குள்ள விசில் ஊதிட்டாவ. நான் தோளக் குடுத்திருந்தேன்னா அந்தத் தம்பி காலு இதுக்குள்ளதான் போயிருக்கும்."

முந்தின நாள் நான் அந்த மூலைக்கு நடக்கவே இல்லை. வெயில் என்று கிரவுண்டு கேட் பக்கத்தில் பைக்கில் உட்கார்ந்தபடி 'ரெடி' போட்டேன். அதை அவரிடம் சொன்னேன். நாலு மார்க் விஷயத்தையும் சொன்னேன். அவர் திட்டியிருந்தால் தேவலை. கையில் ஒட்டிய மண்ணை மட்டும் தட்டிவிட்டுக்கொண்டார். எனக்கு வெட்கமாக இருந்தது.

அங்கிருந்தே தலைவருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன்.

"எல்லாஞ் சரிதான். லீக்ல இப்படி விட்டுட்டு நின்னா என்ன செய்யதுக்கு? அவியகிட்டயே கேளும்" என்றார் தலைவர்.

மாடசாமியே பதில் சொன்னார். "லீக்லயும் நிப்பேன் மொதலாளி. நீங்க வெடிப்ப அடைச்சுக் குடுங்க, ஆள நான் பாத்துக்கிடுதேன்."

தீப்பெட்டி மிஷின் சத்தத்துக்கு நடுவே தலைவர் பதில் சொன்னார்.

"சரி. ஞாயித்துக்கெழம அவியளே ஆடட்டும். மொதல்ல அங்கன மண்ணக் கொட்டுங்க."

குரூப்பில் அந்த நாலு மார்க்கை அழிக்கவில்லை. அதற்குக் கீழே, என்ன நடந்தது, யார் தப்பு என்று எழுதிவிட்டேன்.

இன்று காலையில் மண் சுமந்தோம். நான் மம்பட்டியால் அள்ளிப் போட்டேன், மாடசாமி சட்டியில் கொண்டுபோய்க் கொட்டினார். கணேசனால் சுமக்க முடியாது. காலை நீட்டிப் பக்கத்தில் உட்கார்ந்து, மண் எங்கே இன்னும் இறங்குகிறது என்று காட்டிக்கொண்டிருந்தான். மாடசாமி அடுத்த சட்டிக்காக அந்தப் பக்கம் போனதும் மெதுவாகச் சொன்னான்.

"போன வருசம் இவிய எதிர் டீம்ல இருந்திருக்கலாம் அண்ணாச்சி."