போணிக்கு ராசியான கை

கடைக்குப் போய் வருவதும் ஒரு வேலைதான் என்று சொன்னால் ஆண்பிள்ளைகள் சிரிப்பார்கள். வெயிலில் கால் கடுக்க, இடுப்பில் பிள்ளையும் கையில் எண்ணெய்ச் செம்புமாக நின்று பார்த்த அக்காமார் சிரிக்கமாட்டீர்கள். அந்த வேலையில் எனக்கும் சில வருஷப் பழக்கம் உண்டு. எழுதித்தான் பழக்கம் இல்லை. நாலாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் முடிந்துபோயிற்று. அதனால் பேசுகிற மாதிரியே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களுடையது திருச்செந்தூர் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, பனங்காட்டுக்கு நடுவில் இருக்கிற சின்ன ஊர். கடைத்தெரு என்று ஒரே தெரு. பலசரக்குக் கடை, ஜவுளிக் கடை, எண்ணெய்க் கடை, இன்னும் ஒன்றிரண்டு. அவ்வளவுதான். அந்த ஒரு தெருவைத் தாண்டுவதற்குள் எனக்கு எத்தனை பாடு என்று சொல்கிறேன்.

மல்லி வாங்கப் போனது

எங்கள் வீடுகளில் இளவயசுப் பெண்கள் கடைத்தெருவில் நிற்கிற வழக்கம் கிடையாது. சாமான் வாங்குவது ஆண்கள் பாடு. என் வீட்டுக்காரர் ரங்கூனில் ஒரு கடையில் வேலைக்கு இருந்தார். மகள் கனி தவழ ஆரம்பித்த சமயத்தில் ஊருக்கு வந்து, கொஞ்ச நாள் இருந்துவிட்டுத் திரும்பக் கப்பல் ஏறினார். மாமனார் முன்னமே காலமாகிவிட்டார். மாமியாருக்கு, நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன், முழங்கால் மடங்காது. வீட்டில் மல்லியும் மிளகாய் வத்தலும் தீர்ந்துபோன ஒரு நாள் கனியை இடுப்பில் வைத்துக்கொண்டு நான்தான் போகவேண்டியதாயிற்று.

பலசரக்குக் கடையில் ஆண்கள் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். நான் தூணோரம் நின்றேன். கடைக்கார அண்ணாச்சி ஒவ்வொருவருக்கும் நிறுத்துக் கொடுத்தார், எனக்குப் பின்னால் வந்தவர்களுக்கும் கொடுத்தார். கேட்டால்தானே கொடுப்பார். மல்லி என்கிற சொல் தொண்டை வரைக்கும் வரும், அங்கேயே நின்றுவிடும். வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தேன். அத்தை என்னை ஒரு பார்வை பார்த்தார், மறுபடியும் போனேன். இந்தத் தடவை கனி பசியில் வீரிட்டு அழுததில் கடை முழுவதும் திரும்பிப் பார்த்தது. அண்ணாச்சி தராசைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் சொன்னார்: "தாயி, சாமானுக்குத்தான் இங்க விலை. கேக்கதுக்கு ஒரு விலையும் கிடையாது பாத்துக்க."

ராசி பிறந்த கதை

கூட்டத்துக்குப் பயந்து அதற்குப் பிறகு நான் விடிந்ததும் போக ஆரம்பித்தேன். அண்ணாச்சி வாசல் தெளித்து, சாம்பிராணி போட்டு, கடைப் பலகையில் ஏறி உட்கார்கிற நேரம். அப்போது ஆண்கள் இருக்கமாட்டார்கள். ஒரு நாள் என்னிடம்தான் முதல் வியாபாரம். நான் கொடுத்த காசைக் கண்ணில் ஒற்றிக் கல்லாப்பெட்டியில் போட்டார். அன்றைக்கே ஒரு கல்யாண வீட்டுக்காரர் வண்டி கட்டி வந்து, கடையில் இருந்த கருப்பட்டிச் சிப்பம் அத்தனையையும் ஏற்றிக்கொண்டு போனாராம். போணி பண்ணினது யார் என்று அண்ணாச்சி யோசித்திருக்கிறார். ரங்கூன்காரன் பெண்சாதி, கைப்பிள்ளைக்காரி, நெற்றி நிறையக் குங்குமம். கேட்கவேண்டுமா? மறுநாளிலிருந்து நான் வருகிற வரைக்கும் வேறு யாருக்கும் முதலில் நிறுக்கமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தார்.

விஷயம் தெருவுக்குப் பரவியது. எண்ணெய்க் கடையில் கூப்பிட்டார்கள். ஒன்றும் வாங்க வேண்டியது இல்லாத நாளிலும் ஒரு காலணாவுக்காவது வாங்கிவிட்டுப் போ என்றார்கள். வாயே திறக்காத எனக்கு ஊரில் ஒரு மதிப்பு வந்தது அந்தக் கையால்தான். தெருவில் நடக்கும்போது கை எனக்கே கொஞ்சம் கனமாக இருக்கும். ஜவுளிக் கடை முதலாளிக்கு மட்டும் தீராத மனத்தாங்கல். ஒரு நாள் வாசலில் நின்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: "மகாலெச்சுமி காலையில பலசரக்குக் கடைக்கு மட்டுந்தான் வருவாளோ? எங்க கடையில என்ன, மூதேவியா முறுக்குச் சுட்டுக்கிட்டு இருக்கா?"

அரிசியும் காகிதமும்

பிறகு ஜப்பான்காரன் சண்டை ரங்கூன் வரைக்கும் வந்துவிட்டது. குண்டு விழுந்தது என்று கடைத்தெருவில்தான் முதலில் கேள்விப்பட்டேன். அதுவரைக்கும் மாதாமாதம் அவரிடமிருந்து ஒரு காகிதம் வந்துகொண்டிருந்தது. அதோடு நின்றது. தூத்துக்குடித் துறைமுகத்துக்கு அரிசிக் கப்பல் வருவதும் நின்றது. பர்மா அரிசி தின்று பழகின ஊர், கம்புக்கும் சோளத்துக்கும் கடை கடையாக அலைந்தது. வீட்டுக்காரர் வாங்கிப் போட்டிருந்த பனைகளால் எங்களுக்குக் கருப்பட்டிக்குக் குறைவில்லை. சோற்றுக்குத்தான் தட்டுப்பாடு.

அரிசிக்கு வரிசையில் நிற்கிற பெண்கள் எல்லாரும் என்னிடம்தான் கேட்பார்கள், ரங்கூனில் இருந்து ஏதாவது தகவல் உண்டா என்று. எனக்கு என்ன தெரியும். அவர் இருக்கிறாரா இல்லையா என்பதே எனக்குத் தெரியாது. வரிசையில் எனக்குச் சிநேகிதமானவள் சூசையம்மாள். கீழவைப்பார் பக்கத்துக் கடற்கரைக்காரி, எங்கள் ஊரில் தன் சித்தி வீட்டில் தங்கிக் கருவாடு விற்கிறவள். ஒரு நாள் நான் பேசாமல் கண்ணைத் துடைத்ததைப் பார்த்துவிட்டாள். கையிலிருந்த அரிசிப் படியால் என் முழங்கையில் ஒரு இடி இடித்துச் சொன்னாள்: "ஏளா, அரிசியும் உம் புருசனும் ஒரே கப்பல்லதான் வருவாக. மொதல்ல ஆளை எறக்கிட்டு அப்புறம் மூடையை எறக்கச் சொல்லுவோம், அழாத."

நடந்து வந்தவர்கள்

கப்பல் வரவில்லை. ஆட்கள் வந்தார்கள். காட்டு வழியாக நடந்து, மலை ஏறி இறங்கி, ரயிலேறி வந்தவர்கள். எங்கள் சுற்று வட்டாரத்தில் ஒவ்வொரு ஊருக்கும் ஒருவர் இருவர். போகும்போது தங்கப்பல் கட்டிக்கொண்டு போனவர், வரும்போது அடையாளம் தெரியாமல் எலும்பாக வந்தார். பெரும்பாலும் பலசரக்குக் கடைப் பலகையில்தான் வந்து உட்காருவார்கள், தண்ணீர் கேட்பார்கள்.

முன்பின் தெரியாத ஆண்களிடம் நான் எப்படிப் போய்க் கேட்பேன்? எனக்காக அண்ணாச்சி கேட்டார். வருகிற ஒவ்வொருவரிடமும் என் வீட்டுக்காரரின் பெயர், கடை இருந்த தெரு, நெற்றியில் இருக்கிற வெட்டுத் தழும்பு எல்லாம் சொல்லி விசாரித்துவிட்டு, காலையில் நான் போகும்போது இல்லையென்று தலையை ஆட்டுவார். அவர் தலையைப் பார்ப்பதற்காகவே நான் தினமும் கடைக்குப் போனேன். ஒரு நாள் நான் இருக்கும்போதே அப்படி ஒருவர் வந்து உட்கார்ந்தார். அண்ணாச்சி கேட்டதற்கு அவர் தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "முன்னால போறவன் முதுகைப் பாத்துதான் நடந்தோம் அண்ணாச்சி. முகத்தை யாரு பாத்தா?"

காசை வாங்காத காலை

அன்றைக்கு எனக்கு உப்பும் புளியும் வேண்டியிருந்தது. அண்ணாச்சி சாம்பிராணி போட்டு முடித்திருந்தார். என்னைத் தூரத்தில் கண்டதுமே தராசைத் துடைத்து வைக்கிறவர், அன்றைக்கு மூடைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். அடுக்கின மூடையை இறக்கி மறுபடியும் அடுக்கினார். தலையை ஆட்டவில்லை. செத்த நில்லும்மா என்றார், அதுவும் சுவரைப் பார்த்து. நின்றேன். நிற்பதுதானே நம் தொழில்.

அப்புறம் கனியைக் கூப்பிட்டார். அவள் அப்போது நன்றாக நடப்பாள். அம்மா கையிலிருக்கிற காசை வாங்கி நீ கொண்டுவந்து கொடு என்றார். என் கையிலிருந்து அவள் கைக்குப் போயிற்று, அவள் கையிலிருந்து அவர் கைக்குப் போயிற்று. அதைக் கண்ணில் ஒற்றிக் கல்லாப்பெட்டியில் போட்டார். கனி வாயில் ஒரு பெரிய கருப்பட்டித் துண்டைக் கொடுத்தார். பிள்ளைக்குப் பெருமை தாங்கவில்லை. விளையாடுகிறார் போல என்று நினைத்து நானும் சிரித்தேன். அதை இப்போது நினைத்தாலும் எனக்கு என் மேலேயே ஆத்திரமாக வருகிறது.

நூல் வாங்க ஜவுளிக் கடைக்குப் போனேன். மகாலெச்சுமி வரவில்லை என்று சடைத்துக்கொள்கிற முதலாளி, என்னைக் கண்டதும் எழுந்து உள்ளே போய்விட்டார். நான் வாசலில் இருக்கிற மட்டும் வெளியே வரவே இல்லை. அப்போதுதான், அண்ணாச்சி அன்றைக்குத் தலையை ஆட்டாதது எனக்கு உறைத்தது. தெரு நடுவில் நின்றேன். கனி கருப்பட்டியைச் சப்பிக்கொண்டே என் சேலையைப் பிடித்து இழுத்தாள், வீட்டுக்குப் போகலாம் என்று.

வீட்டுக்குப் போகவில்லை. பலசரக்குக் கடைக்குத் திரும்பிப் போனேன். அதற்குள் ஐந்தாறு ஆண்கள் வந்திருந்தார்கள். அவர்களுக்கு நடுவில் போய் நின்று, "அண்ணாச்சி, எங் கையில ஏன் காசு வாங்கல?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. நிறுத்துக்கொண்டிருந்த தராசை அப்படியே வைத்துவிட்டு அண்ணாச்சி பலகையிலிருந்து இறங்கி வந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்: "நேத்துப் பொழுது சாய உடன்குடிக்காரர் ஒருத்தர் வந்தாரு தாயி. உங்க வீட்டுக்காரரும் அவரும் ஒண்ணாத்தான் நடந்திருக்காக. வழியில உங்க வீட்டுக்காரருக்குப் பேதி கண்டு, ஒரு ஆத்தங்கரையில இந்த உடன்குடிக்காரருதான் குழி தோண்டி மூடிட்டு வந்திருக்காரு. நெத்தித் தழும்பெல்லாம் சரியாச் சொல்லுதாரு. நாலு பெரியாளுகளைக் கூட்டிக்கிட்டு மத்தியானம் உங்க அத்தைகிட்ட வந்து சொல்லணும்னுதான் இருந்தேன். கடையைத் திறந்துட்டா போணி ஆகாம எறங்க முடியலையே, என்ன செய்யச் சொல்லுத?"

பிள்ளைக்கு வந்த கிராக்கி

பிறகு வீட்டில் நடந்ததை நான் எழுதப்போவதில்லை. அது கடை விஷயம் இல்லை.

மாதங்கள் கழிந்து மறுபடியும் கடைக்குப் போகவேண்டியிருந்தது. அத்தை இன்னும் தளர்ந்துவிட்டார், வேறு யார் இருக்கிறார்கள்? ஆனால் காலையில் போகக்கூடாது என்பது யாரும் சொல்லாமலே எனக்குத் தெரிந்திருந்தது. வெயில் ஏறி, நாலு பேர் வாங்கிப் போன பிறகு போவேன். காலை நேரத்துக்கு இப்போது கனி. பலசரக்குக் கடையில் அவள் கை, எண்ணெய்க் கடையில் அவள் கை. ஜவுளிக் கடை முதலாளி அவளுக்கு ரிப்பன் துண்டு கொடுத்துக் கூப்பிடுகிறார். தனியாக அனுப்பப் பயந்து நானும் கூடப் போவேன். கடைக்கு எதிரே பூவரச மரத்தடியில் நின்றுகொண்டு அவள் பலகையை எட்டிக் காசைக் கொடுப்பதைப் பார்ப்பேன். பிள்ளை ஒருநாள் அங்கிருந்தபடியே, நீயும் வாயேம்மா என்று கூப்பிட்டாள். நான் தலையை ஆட்டினேன்.

அண்ணாச்சி நல்லவர். இன்றைக்கும் நிறுவையில் எங்களுக்கு ஒரு கை கூடத்தான் போடுவார். அன்றைக்கு மரத்தடியில் என்னைப் பார்த்துவிட்டு, சாமானைத் தானே கொண்டுவந்து கொடுத்தார். ஆறுதலாக ஏதாவது சொல்லவேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. சொன்னார்: "உங்க வீட்டு ராசி எங்கயும் போயிடல தாயி. பிள்ளை கைக்கு மாறியிருக்கு, அவ்வளவுதான்."

கூடையை இறக்கினவள்

சூசையம்மாள் இடையில் கொஞ்ச காலம் தன் ஊருக்குப் போயிருந்தாள். திரும்பி வந்ததும் ஒரு நாள் காலை, கூடையோடு நேரே எங்கள் வீட்டு வாசலில் நின்றாள். கூடை நிறைய இருந்தது, மூடியிருந்த ஓலைகூடக் கலையவில்லை. நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, வேறு எங்கேயாவது போணி பண்ணிவிட்டு வாங்க அக்கா என்றேன். அவள் கூடையை இறக்கி வாசற்படியிலேயே வைத்தாள். "எம் புருசன் சங்கு குளிக்கப் போய் மேல வராம எத்தன வருசம் ஆச்சு. அவரு போன நாள்லேருந்து இந்தக் கூடையத் தூக்குதது எங் கைதான? இது விக்கலியா? வெளிய வந்து காசைக் குடுளா," என்றாள்.

கொடுத்தேன். அவள் வாங்கி, சிலுவை போட்டு, மடியில் முடிந்துகொண்டு போனாள். அன்று பகல் முழுவதும் எனக்கு வேலை ஓடவில்லை. பொழுது சாய்கிற நேரம் ஜன்னல் வழியாகப் பார்த்தேன், தெருவில் திரும்பி வந்துகொண்டிருந்தாள். கூடை பாதி கூடக் குறையவில்லை. தலைச் சுமையின் பாரம் அவள் நடையில் தெரிந்தது. நான் ஜன்னலை விட்டு விலகிவிட்டேன். இனி வரமாட்டாள் என்று நினைத்தேன்.

மறுநாள் காலையில் அதே வாசற்படியில் அதே கூடை. நான் வாயைத் திறக்குமுன் அவளே சொன்னாள்: "நேத்து நெத்திலி மட்டுந்தான் போச்சு, சாளை அப்படியே கெடக்கு. அதுக்கு உங் கை என்னளா செய்யும், ஊருல ஒருத்தன் மடியிலயும் காசு இல்ல."

வாய் திறக்கத் தெரியாத காலத்தில் என்னை முதல் ஆளாகக் கூப்பிட்ட கடைத்தெரு, வாய் திறந்து கேட்கக் கற்றுக்கொண்ட பிறகு கடைசி ஆளாக நிற்க வைத்திருக்கிறது; மல்லி வாங்கப் போன அன்றைக்கு, கேட்பதற்கு விலை இல்லை என்று அண்ணாச்சி சொன்னதை நான்தான் அப்படியே நம்பிவிட்டேன்.