காத்தாயி கேட்ட ஒரு நாள்

குடவாசலுக்குக் கிழக்கே எங்கள் ஊரில் கூலிப் பேச்சு என்றால் ஊரே வேலியோரம் நின்று பார்க்கும். ஆட்சி மாறிச் சில வருஷம் ஆகியிருந்தது. வயலுக்கு வயல் கூலிச் சங்கக் கொடி, ஊருக்கு ஊர் போலீஸ். அந்த வருஷம் தாசில்தார் முன்னால் உட்கார்ந்து நெல்லு எவ்வளவு என்று பேசி முடித்து, எல்லோரும் துண்டை உதறி எழுந்த நேரத்தில்தான் காத்தாயி வாயைத் திறந்தாள்.

"அறுப்பு முடிஞ்சதும் எங்களுக்கு ஒரு நாள் லீவு வேணுங்க."

மிராசுதார் கோவிந்தராசு திரும்பிப் பார்த்தார். "எதுக்குடி? யாருக்குக் காரியம்?"

"யாரும் சாவலைங்க. சும்மாதான்."

அவர் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் எரிச்சலாக இருக்கிறது. பண்ணையாளுக்கு லீவு என்றால் சாவு, இல்லாவிட்டால் பிரசவம். சும்மா என்ற காரணத்தை அவர் பரம்பரையில் யாரும் கேட்டதில்லை. காத்தாயி அசையவில்லை. நடவில் அவள்தான் முன்னத்தி ஆள். அவள் இறங்கினால்தான் மற்றவர்கள் இறங்குவார்கள். தாசில்தாருக்குப் பசி வேறு. "ஒரு நாள்தானே, குடுத்துட்டுப் போங்க சார்" என்றார்.

"குடுக்கறேன். ஆனா கூட்டம், கோஷம்னு எங்கயாவது போனதா தெரிஞ்சுது, அடுத்த வருஷம் கிடையாது" என்றார் கோவிந்தராசு.

எங்கே போவது என்பதில் காத்தாயிக்குச் சந்தேகமே இல்லை. உப்பு விற்க வரும் வேதாரண்யத்துக்காரர் கோடியக்கரையைப் பற்றி அளந்துவிட்டுப் போயிருந்தார். காட்டில் மான் துள்ளுமாம், மட்டக்குதிரை தானாகத் திரியுமாம், மேடேறி நின்றால் கடல் தெரியுமாம். இருக்கிற இடத்தைவிட்டு எங்கும் போகாதவளுக்கு இது போதாதா?

மாசி மாதம் ஒரு நாள் காலை முதல் பஸ்ஸில் நடவுப் பெண்கள் கூட்டமே ஏறியது. புளிச்சோற்று மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு காத்தாயியும், அவள் சிநேகிதி பொன்னுத்தாயும் முன்னால் உட்கார்ந்தார்கள். பின் சீட்டில் தலையில் துண்டைப் போர்த்திக்கொண்டு ஒருத்தர். மிராசுதாருக்குப் பண்ணையை மேற்பார்க்கும் காரியக்காரர் பஞ்சநதம். வேவு பார்க்க அனுப்பியிருக்கிறார்கள். அந்தத் துண்டை எங்கள் ஊர் நாய்க்குக்கூட அடையாளம் தெரியும்.

"காரியக்காரரே, வேர்க்கும், துண்டை எடுத்துடுங்க" என்றாள் காத்தாயி. பஸ்ஸே சிரித்தது. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

காட்டுக்குள் நடக்க நடக்க எல்லோருக்கும் வாய் ஓயவில்லை. முறுக்கிய கொம்போடு வெளிமான் ஒன்று நின்று இவர்களைப் பார்த்தது. இவர்களும் நின்று பார்த்தார்கள். ராமர் பாதம் மேட்டில் ஏறிக் காற்று வாங்கினார்கள். எல்லாம் சரி, உட்கார்ந்தால்தான் வம்பு. காத்தாயியின் கை தன்பாட்டில் பக்கத்துப் புல்லைப் பிடுங்கிக் குவித்தது. "அடியே, இது களையெடுக்கற வயலா?" என்று பொன்னுத்தாய் கையில் தட்டினாள்.

சதுப்பு நிலத்தை எட்டியதும் காத்தாயி நின்றுவிட்டாள். தூரத்தில், ஆழமில்லாத தண்ணீரில், வெளிறிய ரோஸ் நிறத்தில் நீள வரிசை. எல்லாம் குனிந்தபடி. ஒரு அடி நகர்வது, குனிவது, மறுபடி ஒரு அடி.

"மாசியில என்னடி நடவு? எந்த ஊரு ஆளுங்க?"

வேற்றூர் நடவாட்களைத் தூரத்தில் கண்டால் குலவை போட்டு விசாரிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அவர்களும் பதிலுக்குப் போடுவார்கள். காத்தாயி நாக்கைச் சுழற்றிக் குலவையிட்டாள். மற்ற பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். அவ்வளவுதான், நடவாட்கள் மொத்தமும் ஆகாயத்தில் எழும்பிவிட்டார்கள். சிறகுக்குள் அத்தனை சிவப்பு! பூநாரை என்று ஒரு பறவை இருப்பதே அன்றுதான் அவர்களுக்குத் தெரியும்.

"ஆத்தாடி!" என்று வாயில் கை வைத்தாள் காத்தாயி. அதற்குள் காட்டுக் காவலர் விசிலடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

"என்ன கோஷம் போடறீங்க? கட்சிக் கூட்டமா? நடங்க ஆபீசுக்கு!"

கோஷம். மிராசுதார் கூடாதென்று சொன்ன அதே சொல். ஆபீசில் பேர் ஏறினால் மிராசுதாருக்கு வேறு சாட்சி வேண்டாம். போராடி வாங்கிய நாள் இதோடு சரி. அவள் திரும்பிப் பார்த்தாள். பஞ்சநதம் ஒரு புதரோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் வந்தார்.

"கோஷம் இல்லீங்க தம்பி, குலவை. பறவைன்னு தெரியல, நடவாளுங்கன்னு நெனச்சுட்டாங்க. எங்க ஊரு ஆளுங்கதான். நான் பொறுப்பு."

காவலர் பறவைகளைப் பார்த்தார், பெண்களைப் பார்த்தார், சிரிப்பை அடக்க முடியாமல் வந்த வழியே திரும்பிப் போனார்.

அப்புறம் கடல். பெண்கள் புடவையை வரிந்து கட்டிக்கொண்டு அலையில் விழுந்து எழுந்தார்கள். தள்ளி ஒரு ஓரத்தில் பஞ்சநதமும் இறங்கினார். ஒரு அலை அவரைப் புரட்டிப் போட்டது, எழுந்து மறுபடி அதே இடத்தில் போய் நின்றார். கரையேறியதும் காத்தாயி இலையில் புளிச்சோற்றை வைத்து நீட்டினாள். அவர் சாதிக்காரர் எவரும் இவள் கையால் வாங்கித் தின்றதில்லை. அவர் நின்று யோசித்தார். பிறகு வாங்கித் தின்றார், இன்னும் கொஞ்சம் கேட்டார். இதைக் கேள்விப்பட்டபோதுதான் எனக்கு அந்த மனுஷனைப் பிடித்தது.

மறுநாள் காலை மிராசுதார் விசாரித்தார்.

"என்ன பண்ணுனாங்க?"

"சும்மா இருந்தாங்க."

"நாள் பூராவுமா?"

"நாள் பூராவுந்தாங்க."

கோவிந்தராசு நம்பவில்லை; ஆனாலும் வேவு பார்க்க அந்த ஆளை அனுப்பியவரே அவர்தானே.

அடுத்த வருஷமும் கூலிப் பேச்சு. போன வருஷம் போலவே ஒரு நாள் என்றாள் காத்தாயி. மறுக்கக் காரணம் கிடைக்காமல் மிராசுதார் தலையை ஆட்டினார். அப்போது அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

"எனக்கும் ஒரு நாள் வேணுங்க."

திரும்பினால் பஞ்சநதம்.

"உனக்கு எதுக்குய்யா?"

"சும்மாதாங்க."

தாசில்தார் உட்கார்ந்திருக்கிறார் என்றும் பாராமல் காத்தாயி குலவையிட்டாள்.