தபால் அட்டையும் ரேடியோ வால்வும்

நாலாம் வகுப்போடு நின்றவன் நான். தென்காசி பஸ் நிலையத்துக்கு எதிரே ஓலைக் கொட்டகையில் டீக்கடை போட்டேன். அதை ஓட்டுக் கட்டடமாக்கினேன். பிறகு குற்றாலத்தில் சீசன் கடை, அதன் பின்னால் பன்னிரண்டு அறை விடுதி. கைகொடுத்தவன் ஒருத்தன் கிடையாது. அந்தத் தெருவில் டீக்கடைக்கு ரேடியோ வாங்கி வைத்த முதல் ஆளும் நான்தான். அதற்கு மட்டும் இன்றைக்கும் என்னை நானே வைதுகொள்கிறேன்.

அறுபதுகளின் தொடக்கம். வாரம் ஒருநாள் சாயங்காலம் ரேடியோவில் தொடர் நாடகம். ஓர் ஆபீஸ், ஒரு குமாஸ்தா, ஒரு டைப்பிஸ்ட் பெண். இருவரும் கட்டிக்கொள்ளலாமா என்பதுதான் கதை. பேரன் எடுத்தவர்கள், ஜவுளிக்கடைக்காரர், வாத்தியார் எல்லாரும் வடையும் கையுமாக, அவள் அவனுக்கு ஏன் மைக்கூட்டை எடுத்துக் கொடுத்தாள் என்று ஒரு மணி நேரம் மல்லுக்கட்டுவார்கள். கேட்கவே குமட்டும்.

அதோடு விட்டார்களா? என் கடையில் மாவாட்ட, புருஷனை இழந்த ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். டீ போடுகிறவனிடம் அவள் பால் சட்டியை நீட்டினால் போதும், பெஞ்சில் கனைப்பு. "ஏலே, நம்ம டைப்பிஸ்ட் வந்தாச்சு" என்பான் ஒருத்தன்.

எல்லாருமாகச் சேர்ந்து வானொலி நிலையத்துக்குத் தபால் அட்டை எழுதுவது வழக்கம். ஜோடியைச் சேர்த்து வையுங்கள் என்று எழுதியவர்கள் ஒரு வாரம், நாங்கள் டீ குடிக்கும் கடையிலும் இப்படி ஒரு ஜோடி உண்டு என்றுகூட எழுதிவிட்டார்கள். நேயர் கடித நேரத்தில் ஊர்ப்பேரோடு அதை ரேடியோவில் வாசித்தும்விட்டார்கள். பெஞ்சு கைதட்டியது. உள்ளே ஆட்டுக்கல் நின்றது.

மறுநாள் அவள் வரவில்லை. இரண்டு பிள்ளைகளுக்கு அந்த வேலைதான் சோறு. வீட்டுக்கே போனேன். கதவுக்குப் பின்னாலிருந்து சொன்னாள்: "அந்தப் பொட்டி பேசுத வரைக்கும் நான் அங்கன வரமாட்டேன் அண்ணாச்சி."

திரும்பி வந்து, எது இல்லாவிட்டால் ரேடியோ பேசாதோ அந்தக் கண்ணாடி வால்வைக் கழற்றி மேசைக்குள் வைத்துப் பூட்டினேன். நாடக நாளில் வாத்தியார் கேட்டார்: "முடிவு தெரியாம எப்படி அண்ணாச்சி இருக்கது?"

"வேணும்னா பொட்டிக்குள்ள பூந்து பாரும்" என்றேன்.

பாதிக் கூட்டம் எதிர்க்கடைக்குப் போனது. தொலையட்டும். அவள் அந்த வாரமே திரும்பி வந்தாள். பத்து வருஷம் ஆட்டி, பிள்ளைகளை ஆளாக்கினாள். டீ போட்டவன் தன் அக்கா மகளைக் கட்டிக்கொண்டான்.

இப்போது குற்றாலத்தில் அவள் மகன் நடத்துகிற சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து, அதே பெஞ்சு ஆட்கள், "இது நாங்க தூக்கிவிட்ட குடும்பம்" என்று சொல்லுகிறார்களாம். அட்டையில் கையெழுத்துப் போட்ட ஒருத்தனுக்கும் அதில் பங்கு கிடையாது. வால்வு இன்னும் என் பீரோவில் இருக்கிறது. அதைக் கழற்றியவன் நான். அந்தக் கடையில் அவள் கதையை யார் எடுத்தாலும், முதலில் என் பேரைச் சொல்லியாக வேண்டும்.