இரண்டு முறை திரும்பிய கீழாநெல்லி

மருந்துப் பரிசோதனைக் கூடத்தில் முப்பத்தொரு ஆண்டுகள் கழித்தவனுக்கு ஓய்வுக்குப் பிறகு மிஞ்சும் மரியாதை ஒன்றுதான். யாராவது ஒரு வேரை மூக்கருகே நீட்டி, "இது அசல்தானே சார்?" என்று கேட்பார்கள். அந்த மரியாதைக்காகவும் இஞ்சி டீக்காகவும் வாரம் மூன்று நாள் சூரமங்கலத்தில் டவுன் பஸ் ஏறி, சேலம் கடைவீதியில் உள்ள பாயின் நாட்டு மருந்துக் கடைக்குப் போகிறேன்.

பாய் காய்ந்த கீழாநெல்லியை வாங்கி, மாத்திரை செய்யும் ஒரு கம்பெனிக்கு அனுப்புகிறவர். அவருக்காகச் சாம்பிள் எடுக்கும் முறையை நானே ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தேன். செடி காய்ந்ததும் களத்திலேயே, கையுறை போட்டு, புதுப் பையில் எடுத்து ஒட்டி, இங்குள்ள ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். அதன்படி எடுத்த சாம்பிள் பாஸானது. லோடு போனது. பத்தே நாளில் திரும்பி வந்தது. செடி அசல்தான், ஆனால் சால்மோனெல்லா கிருமி இருக்கிறது என்றது கம்பெனியின் ரிப்போர்ட்.

"நம்ம சாம்பிள் பாஸு, அவங்ககிட்ட லோடு ஃபெயிலு. எப்படி சார்?" என்றார் பாய்.

அந்தக் கிருமி பெரும்பாலும் கோழி வழியாக வருவது என்று எனக்குத் தெரியும். தெரிந்ததுதான் வினையாயிற்று.

நாமகிரிப்பேட்டைப் பக்கம் ஒரு அம்மாள்தான் செடி சேர்த்து, சிமெண்ட் களத்தில் காயவைத்துத் தருகிறார். பாயும் நானும் போனபோது களத்தோரம் நான்கு கோழிகள் மேய்ந்துகொண்டிருந்தன. வழக்கு முடிந்தது என்று எனக்குத் தோன்றியது.

"ஏனுங்க சாமி, அதுக களத்துக்கே வராதுங்க. எந்நேரமும் நான் இங்கதான இருக்கறேன்" என்றார் அந்த அம்மாள். நான் கிருமி பற்றி அரை மணி நேரம் பேசினேன். என் பேச்சைக் கேட்பதைவிடக் கோழிகளை ராசிபுரத்தில் தங்கை வீட்டுக்கு அனுப்புவது சுலபம் என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும். அனுப்பிவிட்டார்.

இரண்டாவது லோடும் திரும்பி வந்தது. அதே கிருமி.

"இன்னொரு தடவை திரும்புனா லிஸ்ட்ல இருந்து நம்மள எடுத்துடுவாங்க சார்" என்றார் பாய். "அப்புறம் அந்தம்மா சரக்க நான் யார்கிட்ட விக்கறது?"

மூன்றாவது லோடு கட்டும் நாளன்று காலையிலேயே போய் நின்றோம். நான் என் தாளின்படி சாம்பிள் எடுத்துப் பையை ஒட்டினேன். அதன் பிறகு அந்த அம்மாள் வீட்டுக்குள்ளிருந்து வெள்ளைச் சாக்குகளைக் கொண்டுவந்து, ஒவ்வொன்றாகப் புரட்டி உதறினார். மெல்லிய தூசி பறந்தது. ஒவ்வொரு சாக்கிலும் ஒரு சேவல் படம்.

"இது என்ன சாக்குங்க?"

"தீவனச் சாக்குங்க. கோழிப்பண்ணையில வெல கம்மியாக் குடுப்பாங்க. நல்லா உதறிட்டுத்தானுங்க போடறேன்."

நாமக்கல் மாவட்டத்தில் வெங்காயம், பழைய துணி, பாத்திரம் எல்லாம் அந்தச் சாக்கில்தான் பயணம் செய்கின்றன. யாரும் அதைப் பார்ப்பதே இல்லை. பாயின் கடையில் அதே சாக்கின் மேல் உட்கார்ந்துதான் நான் டீ குடித்து வந்திருக்கிறேன். என் சாம்பிள் மட்டும் ஒரு நாளும் அதற்குள் போனதில்லை. தூசி படாமல் அதைக் காப்பாற்றும் முறையை நான்தானே எழுதினேன்.

பாய் என்னைப் பார்த்தார். நான் களத்தைப் பார்த்தேன்.

"கோழியத் தேடித்தான சாமி வந்தீங்க? படமே போட்டிருக்குதுங்களே" என்றார் அந்த அம்மாள்.

பாய் சேலத்துக்குப் போன் செய்து புதுச் சாக்குகளை வரவழைத்தார். அந்தத் தாளைக் கிழித்துவிட்டு வேறு எழுதினேன்: சாக்கில் கட்டி, கடைக்கு வந்து இறங்கிய பிறகே சாம்பிள் எடுக்க வேண்டும். அப்படி எடுத்த சாம்பிளும் பாஸானது. லோடை அனுப்பிவிட்டுக் காத்திருந்தோம்.

போன செவ்வாய்க்கிழமை கம்பெனி ரிப்போர்ட் வந்தது. பாய் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இரண்டு முறை படித்தார். கிருமி இல்லை. அடுத்த மாதம் இதைப்போல இரு மடங்கு வேண்டும் என்று கீழே எழுதியிருந்தது.

உடனே அந்த அம்மாளைக் கூப்பிட்டு, எனக்கும் கேட்கும்படி போனைக் கல்லாமேல் வைத்தார். "அம்மா, சரக்கு பாஸாயிடுச்சு. அடுத்த மாசம் ரெண்டு மடங்கு வேணுமாம்."

"சந்தோசமுங்க. ஆனா மழை பேஞ்சாத்தானுங்க செடி மொளைக்கும். அதுக்கு அந்தப் பெரியவரு ஏதாச்சும் தாள்ல எழுதித் தருவாருங்களா?"

பாய் நெடுநேரம் சிரித்தார். நானும்தான்.