கடைசி வீட்டு டைல்ஸ்

மலேசியாவின் குளுவாங்கில் ஒரு ரப்பர் தோட்டத்தை வெட்டிக் கட்டிய தாமான் குடியிருப்பில் எங்கள் தெரு இருக்கிறது. இரண்டு பக்கமும் வரிசை வீடுகள். தெரு மேட்டில் தொடங்கிப் பள்ளத்தில் முடியும். மேட்டில் என் வீடு. பள்ளத்தில், கடைசியாக, என் கணவரின் அக்கா வீடு. நான் அவரை அண்ணி என்று கூப்பிடுவேன். என் சாம்பாரில் உப்பு சரியாக இருக்கிறது என்று இன்றுவரை ஒப்புக்கொள்ளாதவர்.

மாலை மழை கொஞ்சம் வலுத்தால் போதும், தெருத் தண்ணீர் முழுக்க அண்ணியின் வரவேற்பறைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். பினாங்கில் வேலை செய்யும் அவர் மகன் பொறுத்துப் பார்த்துவிட்டு முடிவாகச் சொல்லிவிட்டான்: "இன்னொரு தடவை வீட்டுக்குள்ள தண்ணி வந்துச்சுன்னா, வித்துட்டு இங்க வந்துருங்கம்மா." அண்ணியும் சரி என்றார். அவர் போகமாட்டார் என்று தெருவில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நல்ல சேலைகளையெல்லாம் அவர் பெட்டியில் கட்டி வைத்திருந்ததை நான் பார்த்திருந்தேன். அவர் இல்லாத தெருவை நினைத்தாலே எனக்குப் பகீரென்றது. சண்டை போடவாவது ஒரு ஆள் வேண்டாமா?

இத்தனைக்கும் என் பிழைப்பே மழைத்தண்ணீர்தான். ஜொகூர் பாருவில் ஒரு பொறியியல் ஆலோசனை நிறுவனத்தில் வேலை. ஒரு இடத்தின் கூரை, சாலை, புல்தரை, கால்வாய் எல்லாவற்றையும் கணினிக்குள் அமைத்து, அதன்மேல் மழையைப் பெய்யவிட்டு, தண்ணீர் எங்கே தேங்கும் என்று பார்ப்பேன். பிறகு அதைத் தாங்கிக்கொள்ளக் குளமோ, புல்வாய்க்காலோ, தண்ணீரை மண்ணுக்குள் இழுக்கும் மழைத் தோட்டமோ வரைந்து கொடுப்பேன். யார் யார் ஊருக்கோ வரைந்தேன். என் தெருவை மட்டும் பார்த்ததில்லை. ஒரு சனிக்கிழமை காலை அண்ணி ஈரப் பாயைச் சுமந்துகொண்டு எங்கள் வீட்டு மேட்டு வெயிலில் காயப்போட வந்ததைப் பார்த்த பிறகுதான் மடிக்கணினியைத் திறந்தேன்.

தாமான் கட்டியபோது போட்ட வரைபடத்தை அப்படியே ஏற்றினேன். பலத்த மழை பெய்தும் அண்ணி வீட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் ஏறவில்லை. கணினியில் வீடு காய்ந்து கிடக்கிறது, வெளியே பாய் சொட்டுகிறது. எரிச்சலில் குடையை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கி, ஒவ்வொரு வீட்டு முன்வாசலாகப் பார்த்துக்கொண்டே நடந்தேன். வரைபடத்தில் பச்சையாக இருந்த இடத்திலெல்லாம் டைல்ஸ். சிவப்பு, சாம்பல், பளிங்குபோல் ஒன்று. மருந்துக்குக்கூட மண் இல்லை. என் வீட்டிலும்தான். வீட்டுக்கு வந்து வரைபடத்தைத் திருத்தி மறுபடி மழையைப் பெய்யவிட்டேன். தண்ணீர் நேராக அண்ணியின் வரவேற்பறைக்குள் போனது.

அந்த டைல்ஸ் வந்த கதை தெருவுக்கே தெரியும். முதலில் போட்டது அண்ணி வீட்டில்தான். மகன் கல்யாணத்துக்கு முன்னால், அண்ணியின் கணவர், இப்போது உயிரோடு இல்லாத அண்ணன், விடுமுறை நாட்களில் குந்தி உட்கார்ந்து தன் கையாலேயே பதித்தார். கல்யாணத்துக்கு வந்தவர்கள் வாசலிலேயே நின்று வாயைப் பிளந்தார்கள். அடுத்த தீபாவளிக்குள் பாதித் தெரு பளபளத்தது. எங்கள் வீட்டில் என் கணவர், "அக்கா வீட்டுல இருக்கு, நம்ம வீட்டுல இல்லன்னா எப்படி?" என்று ஒற்றைக் காலில் நின்றார். எல்லோரும் அவரவர் வாசலில் தண்ணீர் நிற்காதபடி நல்ல சரிவு வைத்து, அதைத் தெருவுக்குத் தள்ளிவிட்டோம். தெரு அதை அண்ணியிடம் தள்ளியது.

அண்ணியிடம் திரையைக் காட்டினேன். நீல நிறம் தன் வீட்டுக்குள் பரவுவதைப் பார்த்துவிட்டு, "அலமாக்! சோபா வரைக்கும் கரெக்டா காட்டுதே," என்றார். மேட்டு வீட்டுக்காரர்கள் கார் டயர் ஏறும் இரண்டு பட்டையை விட்டுவிட்டு மற்ற இடத்தை உடைத்து, தோண்டி, மணல் கலந்த மண் போட்டுச் செடி வைத்தால், கூரைத் தண்ணீரையும் அதற்குள் இறக்கினால், தண்ணீர் அவர் வாசற்படியோடு நின்றுவிடும் என்று விளக்கினேன்.

"என் வீட்டுல உடைச்சா?"

"உங்களுக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல அண்ணி. தண்ணி மேலேருந்துதான வருது."

அவர் காப்பித் தம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

முதலில் என் வாசலை உடைத்தேன். கணவர் முணுமுணுத்துக்கொண்டே உதவினார். பிறகு வீடு வீடாகப் போய்க் கேட்டேன். எல்லோரும் அன்பாக உட்காரவைத்து, மைலோ கொடுத்து, முடியாது என்றார்கள். எதிர்வீட்டு அக்கா மட்டும் மனதில் இருந்ததைச் சொன்னார்: "கொசு வரும்லா. அதோட, உங்க அண்ணி வீட்டுக்காகத்தான் இதெல்லாம். அவங்களே உடைக்கல, நாங்க ஏன் உடைக்கணும்?" தண்ணீர் ஒரு நாளுக்குள் மண்ணுக்குள் இறங்கிவிடும், கொசு முட்டையிட்டுப் பெருக நேரம் கிடைக்காது என்று முதல் கேள்விக்குப் பதில் சொன்னேன். அண்ணன் கையால் பதித்ததை உடையுங்கள் என்று நான் எந்த வாயால் கேட்பேன்? வெள்ளிக்கிழமைதோறும் அண்ணி அந்த வாசலைத் தேய்த்துக் கழுவுவதைப் பார்த்தவள் நான். தோற்றுவிட்டேன் என்றே நினைத்தேன்.

அடுத்த ஞாயிறு காலை தெருமுனையில் சம்மட்டிச் சத்தம் கேட்டது. ஓடினேன். அண்ணி இரண்டு ஆட்களைப் பிடித்துவந்து, வெயிலுக்குக் குடை பிடித்தபடி நின்று அவர்களை விரட்டிக்கொண்டிருந்தார். பாதி வாசல் ஏற்கெனவே நொறுங்கிக் கிடந்தது.

"அண்ணி, இதுல உங்களுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லன்னு சொன்னேனே!"

"தெரியும்லா. நான் என்ன, காது கேக்காதவளா? என்னைப் பாத்துதான எல்லாரும் போட்டாங்க. என்னைப் பாத்தே எடுக்கட்டும்."

"ஒண்ணு ரெண்டாச்சும் எடுத்து வைக்கலாமே, அண்ணன் ஞாபகமா."

"எதுக்கு, வச்சுப் பொட்டு வைக்கவா? மனுஷனே போயிட்டாரு." சொல்லிவிட்டுக் குடையைத் தாழ்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார். நான் அழுதேன். மறைக்க என்னிடம் குடை இல்லை.

அன்று மாலையே எதிர்வீட்டு அக்கா, மண் எங்கே வாங்குவது என்று கேட்டு வந்தார். அதற்குப் பிறகு எனக்கு ஓய்வே இல்லை. சனி, ஞாயிறெல்லாம் ஏதாவது ஒரு வாசலில் குழி அளந்துகொண்டிருந்தேன். எல்லோருக்கும் கறிவேப்பிலைதான் வேண்டும். ஈரத்தில் வேர் அழுகிவிடும், பாண்டானும் செராய்ப் புல்லும் வையுங்கள் என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டியது. இரண்டு வீட்டார் கடைசிவரை அசையவில்லை. அவர்களை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டேன். அப்போதும் அண்ணியின் வாசற்படி தப்பியது.

ஆண்டுக் கடைசியில் பருவமழை வந்தது. அன்று மதியம் வானம் இருட்டிக்கொண்டு கொட்டியதில் எதிர்வீடே தெரியவில்லை. மழை தணிவதற்குள் இறங்கி ஓடினேன். வழியில் ஒவ்வொரு வாசலிலும் பாண்டான் கழுத்தளவு தண்ணீரில் நின்றது. அண்ணி வீட்டு வாசலில் முதல் படி நனைந்திருந்தது. இரண்டாவது காய்ந்திருந்தது. வரவேற்பறை காய்ந்திருந்தது. "அண்ணி!" என்று கூவிக்கொண்டே உள்ளே போனேன்.

அண்ணி சமையலறையில் கணுக்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். பின்சந்தில் ஓடும் லோங்காங் வாய்க்கால் நிரம்பிக் கதவுக்கடியில் புகுந்திருந்தது. தெருவில் எல்லோரும் சமையலறையைப் பின்னால் இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். அந்தக் கூரைத் தண்ணீரெல்லாம் பின்சந்தில்தான் விழுகிறது. நான் முன்வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன், பின்பக்கத்தைக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

அப்போது கைப்பேசி அடித்தது. மகன். அண்ணி ஒலிபெருக்கியில் போட்டார்.

"பெரிய மழைன்னு நியூஸ்ல பாத்தேன். வீட்டுக்குள்ள தண்ணி வந்துச்சாம்மா?"

அண்ணி குனிந்து தன் காலைப் பார்த்தார். மிதந்துவந்த ஒரு வெங்காயத்தை எடுத்து மேடைமேல் வைத்தார். "இல்லடா, ஒரு சொட்டு வரல," என்றார்.

"நெசமாவா?"

"நான் சொன்னா நீ நம்ப மாட்ட. இந்தா, இஞ்சினியரே இங்கதான் நிக்கிறா, கேட்டுக்கோ." கைப்பேசியை என்னிடம் நீட்டினார்.

"முன்னால ஹால் காஞ்சு கிடக்குப்பா," என்றேன். "நானே பாத்துட்டுத்தான் வரேன்."

அண்ணி கைப்பேசியை வாங்கி அணைத்துவிட்டு, துடைப்பத்தை என் கையில் கொடுத்தார். "சரி, பின்பக்கத்த எப்ப பாக்கப் போற?"