கத்துகிறவர்கள் காத்திருக்கலாம்

பக்கத்துத் தெருத் தையல்காரரின் சம்பந்தி, கடைவாய்ப்பல் வலியை மாத்திரை போட்டே ஒரு மாதம் ஓட்டி, கடைசியில் கழுத்து வீங்கி மூச்சுவிட முடியாமல் ஐந்து நாள் ஐ.சி.யூ.வில் கிடந்தாராம். தையல்காரர் மனைவி அத்தானிடம் சொல்லி, அத்தான் அக்காவிடம் சொல்லி, அக்கா எனக்குப் போனில் சொன்னாள். இரண்டு விமானம் மாறிப் போகவேண்டிய தூரத்தில் இருக்கும் நான், ஆள் பிழைத்தாரா என்று இரண்டு தடவை கேட்டேன். அவளுக்குச் சிரிப்பு.

“அது பல்லால வந்த வினை இல்லடா. கேக்க ஆள் இல்லாம வந்த வினை. எங்க கிளினிக்குக்கு ஒரு போன் போட்டிருந்தா, குரலை வச்சே சொல்லியிருப்பேன்.”

சொல்லியிருப்பாள்தான். பதினாறு வருடமாக ஒரு பல் கிளினிக்கின் முன்மேசை அவளுடையது. மேசைமேல் ஒரு போன், ஒரு நோட்டு, இரண்டு பேனா. சிவப்பில் எழுதினால் இன்றைக்கே வரவேண்டும். பச்சையில் எழுதினால் அடுத்த வாரம். டாக்டரின் இரண்டு கையும் எப்போதும் யாருடைய வாய்க்குள்ளாவது இருக்கும். ஆகவே யாருக்கு அவசரம் என்று முடிவுசெய்வது அக்காதான். படித்தது வணிகவியல்.

வீக்கம் இருக்கிறதா, காய்ச்சல் இருக்கிறதா, வாய் திறக்க வருகிறதா, எச்சில் விழுங்க முடிகிறதா என்று டாக்டர் எழுதிக்கொடுத்த நாலு கேள்விகள் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கின்றன. மேற்கொண்டு அக்காவே கண்டுபிடித்த விதிகள் இரண்டு. கத்துகிறவர்கள் காத்திருக்கலாம் என்பது ஒன்று. “கத்தணும்னா வாய் நல்லா திறக்கணும்ல? திறக்குதே, அப்புறம் என்ன அவசரம்?” வாயில் சூடாக எதையோ அடக்கிக்கொண்டு பேசுவதுபோல் குழறுகிறவர்தான் சிவப்பு. அவர்களை நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்கே அனுப்பிவிடுவாள். இன்னொன்று: ஐந்து தடவை மணி அடித்ததும் போனை வைத்துவிடுகிறவருக்கு வலி இல்லை. நிஜமான வலி எடுக்கும்வரை விடாது.

ஒருமுறை உயிர் போகிறது என்று ஒரு வக்கீல் கால்மணி நேரம் வாதாடினார். பச்சை. அன்றைக்கே ஒரு வங்கிக் காவலாளி, “அவசரமில்லம்மா, முடிஞ்சப்ப பாருங்க” என்று முணுமுணுத்தார். சிவப்பு. சாயங்காலம் அவருக்கு ஆபரேஷன். அதிலிருந்து ஜனங்கள் அக்காவைத்தான் டாக்டரம்மா என்கிறார்கள். டாக்டரை ‘உள்ள இருக்கிறவர்’ என்கிறார்கள்.

போன மாதம் அக்காவுக்கே இடது கடைவாய்ப்பல் வலித்தது. நோட்டில் தன் பெயரைப் பச்சையில் எழுதினாள். அடுத்த வாரம் வந்ததும் அதை அடித்துவிட்டு அதற்கடுத்த வாரத்தில் எழுதினாள்.

“அக்கா, டாக்டரோட நாற்காலி பத்தடி தூரத்துலதானே இருக்கு?”

“நான் உள்ள போய் வாயைப் பொளந்துட்டு உக்காந்தா, வெளிய போனை உன் மாமியார் வந்து எடுப்பாங்களா?”

மூன்றாவது வாரம் வலி தானாக நின்றது. அப்படி நின்றால் நரம்பு செத்துவிட்டது, உடனே வாங்க என்று அவளே எத்தனையோ பேரை விரட்டியிருக்கிறாள். கேட்டதற்கு, “அது மத்தவங்களுக்குடா” என்றாள்.

நாலு நாள் கழித்து மதியம் அத்தானின் போனுக்குக் கூப்பிட்டேன். அத்தான் எடுத்தார்.

“உங்க அக்கா லீவு மாப்ள. தாடை வீங்கியிருக்கு. பதினாறு வருஷத்துல முதல் லீவு.”

போனை ஸ்பீக்கரில் போட்டு அவள் முன்னால் மேசையில் வைத்தார். ஒன்றுமில்லை, லேசான வீக்கம் என்றாள். அதைச் சொல்ல அவளுக்கு வெகுநேரம் பிடித்தது. ஒவ்வொரு சொல்லும் வாய்க்குள் எதையோ சுற்றிக்கொண்டு வந்தது. அந்தக் குரலை எனக்குத் தெரியும். அவள்தான் பல தடவை பேசிக் காட்டியிருக்கிறாள்.

“எச்சில் முழுங்க முடியுதா?”

“என் கேள்வியை எங்கிட்டயே கேக்கறியா?”

“டம்ளர்ல துப்பிக்கிட்டிருக்கா மாப்ள” என்றது பின்னாலிருந்து அத்தானின் குரல்.

“அத்தான், இது சிவப்பு. கிளினிக் வேணாம், நேரா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க.”

“நானும் காலைலேர்ந்து அதான் சொல்றேன். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தாத்தான் தெரியும்னேன். எனக்குக் காய்ச்சல் மட்டும்தான்ங்கறா.”

டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போகலாம் என்று அக்கா தன் போனில் கிளினிக்கைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டாள். மணி அடிப்பது எனக்கும் கேட்டது. ஐந்து, ஆறு, ஏழு.

“அக்கா, அங்க போனை எடுக்கிறது யாரு?”

எட்டு, ஒன்பது. நாற்காலி நகர்ந்தது.

“வண்டிச் சாவி எங்க?” என்றாள். கத்தவில்லை. அவள் ஒரு தடவை கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

“கிளினிக்குக்குப் போட்ட போனை வச்சுடவா?” என்று அத்தான் கேட்டார்.

“வேணாம். வச்சா, வலி இல்லன்னு நினைச்சுக்குவாங்க.”

கதவு சாத்திய சத்தம். வண்டி கிளம்பிய சத்தம். அவசரத்தில் அத்தான் என்னையும் மேசையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார். ஆளில்லாத வீட்டில் பக்கத்தில் கிடந்த அக்காவின் போனில் கிளினிக் மணி அடிப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு, பதின்மூன்று.